90-களின் ஸ்க்ரீமோ டெமோ கேசட்: பூஞ்சை, மந்தமான ஒலி. பாழாக்காமல் கணினிக்கு மாற்றுவது எப்படி?

மூன்றாம்வரிசை கேட்டது:

வணக்கம். 90-களின் இறுதியில் அமெரிக்காவில் ஒரு ஸ்க்ரீமோ (தொண்டை கிழிய அலறிப் பாடும் பங்க் ராக் வகை) குழு தாங்களே நகலெடுத்து, ஜெராக்ஸ் உறை போட்டு விற்ற டெமோ கேசட் இது. இணையத்தில் எங்கும் கிடைக்கவில்லை. C60 (பக்கத்துக்கு 30 நிமிடம்), குரோம் வகை டேப். கேசட் ஜன்னல் வழியே பார்த்தால் சுருளின் விளிம்பில் வெள்ளைப் புள்ளிகள். ஒரு நிமிடம் ஓட விட்டதில், போர்வைக்குள்ளிருந்து கத்துவதுபோல் மந்தமாக இருக்கிறது. அலறல் அடங்கி மெல்லப் பேசும் இடங்களில் இரைச்சல்தான் மேலே நிற்கிறது. பூஞ்சையை எப்படி எடுப்பது? மந்தத்துக்குக் காரணம் பதிவா, டேப்பா? கணினியில் சொருகும் யுஎஸ்பி வாக்மேன் போதுமா? இரைச்சலை மென்பொருளில் நீக்கலாமா?

ஈரக்காற்று:

முதல்ல, அந்த கேசட்டை இனிமே ஓட விடாதீங்க. பூஞ்சைத் தூள் டேப்பைப் படிக்கிற ஹெட்லயும் ரப்பர் உருளையிலயும் ஒட்டி, அடுத்துப் போடுற கேசட்டுக்கும் போயிடும். ஓட்டின டெக்கை இன்னைக்கே துடைச்சிடுங்க. ஹெட்டுக்கும் டேப்பை இழுக்குற கேப்ஸ்டன் கம்பிக்கும் 99% ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பஞ்சுக்குச்சி. ரப்பர் உருளைக்கு ஆல்கஹால் வேண்டாம், நாளடைவுல ரப்பர் இறுகி வழுக்கும். சோப்புத் தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணி போதும்.

ஈரமா இருக்கிற பூஞ்சையைத் துடைச்சா டேப் முழுக்க அப்பிக்கும். அதனால கேசட்டை மூடி இறுகுற டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட ஒரு வாரம் வைங்க. காஞ்சு பொடியானதும் மாஸ்க் போட்டுக்கிட்டு மொட்டை மாடியிலயோ பால்கனியிலயோ வெச்சு கூட்டைத் திறங்க. அஞ்சு திருகு இருந்தா சுலபம். திறக்குறதுக்கு முன்னாடியே டேப் போற பாதையை போட்டோ எடுத்துக்கோங்க. சுருளோட பக்கவாட்டை மென்மையான பெயிண்ட் பிரஷ்ல, நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா தட்டி விடுங்க. அப்புறம் அந்த ரெண்டு சுருளையும் சுத்தமான வேற கூட்டுக்கு மாத்திடுங்க. பழைய கூட்டோட உள்தாள், ஃபெல்ட் எல்லாத்துலயும் பூஞ்சை இருக்கும். லேபிள் ஒட்டின பழைய கூட்டைத் தனியா மூடி வைங்க, தூக்கிப் போட்றாதீங்க.

புதுக் கூட்டுல போட்டதும் ஒரு தடவை முழுசா முன்னாடி, ஒரு தடவை முழுசா பின்னாடி சுத்துங்க. ஒட்டியிருக்கிற சுற்றுகள் விடுபடும்.

நாடாப்பித்தன்:

மந்தமான ஒலிக்கு டேப்பைக் குறை சொல்லும் முன் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். பலர் இங்கேதான் அவசரப்பட்டு, "ஒரிஜினலே இப்படித்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஒன்று, ஃபெல்ட். டேப்பை ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டு, செம்பு நிறத் தகட்டில் ஒட்டியிருக்கும். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் சிம்பல் ஓசை வந்து வந்து போகும். புதுக் கூட்டுக்கு மாற்றினால் இது தானாகவே தீர்ந்துவிடும்.

இரண்டு, ஹெட் சாய்வு. முக்கியமானது இதுதான். வீட்டு டெக்கில் நகலெடுத்த டெமோவில், அந்த டெக்கின் ஹெட் எந்தக் கோணத்தில் இருந்ததோ அந்தக் கோணத்தில்தான் ஒலி பதிந்திருக்கும். உங்கள் ஹெட் இம்மி சாய்ந்திருந்தாலும் உச்ச அதிர்வெண்கள் காணாமல் போகும். பழைய மெக்கானிக்குகள் ஹெட் ஸ்க்ரூவைத் திருப்பிச் சரிசெய்தது இதைத்தான். ஹெட்டுக்குப் பக்கத்தில், அடியில் ஸ்பிரிங் உள்ள திருகு அது. இப்போதைய நிலையை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். வெளியீட்டை மோனோவாக்கி, சிம்பல் தொடர்ந்து அடிக்கும் இடத்தை ஓட விட்டு, ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவாக மெல்லத் திருப்புங்கள். மோனோவில் கேட்கச் சொல்வதற்குக் காரணம், சாய்வு தவறாக இருந்தால் இடது வலது இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கூர்மை சட்டென்று மங்கும். சரியான இடத்தில் திரை விலகியதுபோல் திறக்கும். B பக்கத்துக்கு மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே கோணத்தில் அமைவது அரிது. நகைக்கடைக்காரர் பயன்படுத்துவது போன்ற சின்ன ஸ்க்ரூடிரைவர், காந்தத் தன்மை இல்லாததாக இருக்கட்டும்.

மூன்று, டால்பியும் (இரைச்சல் குறைக்கும் அமைப்பு) ஈக்வலைசேஷனும் (டேப் வகைக்கேற்ற உச்ச ஒலித் திருத்தம்). உறையில் குறிப்பிடாவிட்டால் டால்பி பி பொத்தானை அணைத்தே வையுங்கள். டால்பி இல்லாமல் பதிந்த டேப்பை டால்பியோடு ஓட்டினால் உச்சம் நசுங்கும். குரோம் கூட்டின் மேல்விளிம்பிலுள்ள கூடுதல் பள்ளங்களைப் பார்த்து டெக் தானாகவே 70 மைக்ரோ நொடி ஈக்வலைசேஷன் அமைப்புக்குப் போகும். ஆனால் மலிவான ரிக்கார்டரில் சாதாரண டேப்புக்கான 120-இல் பதிந்திருக்கவும் கூடும். அப்படியென்றால் உச்சத்தில் 4 டெசிபெல்லுக்கு மேல் குறைந்து கேட்கும். அந்தப் பள்ளங்களை செல்லோடேப்பால் மூடி ஓட்டிப் பார்த்து, எது இயல்பாக இருக்கிறதோ அதை வையுங்கள். இரைச்சலும் அதே அளவு கூடும், பரவாயில்லை.

ஒன்றை மறக்க வேண்டாம். ஸ்க்ரீமோவில் பாடகர் மைக்கை விட்டு விலகி நின்று கத்துவதும், குரலை கிட்டாருக்கு அடியில் புதைத்துக் கலப்பதும் வழக்கம். எல்லாம் சரிசெய்த பிறகும் குரல் தூரத்தில் கேட்டால், அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தத் தூரம் அவர்கள் வைத்தது. வார்த்தைக்கு உறைத்தாள் இருக்கிறது; குரலிலிருந்து நமக்கு வேண்டியது தொண்டை கிழியும் அந்த விளிம்புதான்.

அறுபதுஹெர்ட்ஸ்:

யுஎஸ்பி வாக்மேன் வேண்டாம். வேகம் நிலையில்லாமல் ஆடும், ஹெட்டும் தரம் குறைவு. சர்வீஸ் செய்து பெல்ட் மாற்றிய டெக், அதன் லைன் அவுட்டிலிருந்து ஆடியோ இன்டர்ஃபேசின் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி) லைன் இன்னுக்கு. மைக் இன்னில் சொருகினால் உடைந்த ஒலிதான் வரும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், உச்ச அளவு மைனஸ் 6 டெசிபெல். மிக உரத்த பாடலில் வைத்து அளவைப் பார்த்துவிட்டு, பிறகு ஒரு பக்கத்தை நிறுத்தாமல் பதியுங்கள். தானியங்கி ஒலியளவு அம்சங்களை அணைக்க வேண்டும், இல்லையென்றால் பேச்சுக்கும் அலறலுக்கும் இடையேயான உயரம் தட்டையாகிவிடும். இந்த இசையே அந்த உயரத்தில்தான் நிற்கிறது. 30 நிமிடப் பக்கத்துக்குச் சுமார் 520 எம்பி ஆகும். ரீங்காரம் வந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

வேகம் சரியா என்பதைக் கிட்டாரின் சுருதி வைத்துச் சொல்ல முடியாது, அவர்கள் எதில் இறக்கிச் சுருதி சேர்த்தார்கள் என்று நமக்குத் தெரியாதே. டேப்பில் பதிந்த ஆம்ப்ளிஃபையர் ரீங்காரம் காட்டிக்கொடுக்கும், அது மின்சாரத்தின் அதிர்வெண்ணை ஒட்டியே ஒலிக்கும். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. எனவே நம் டெக்கின் ரீங்காரத்தோடு குழம்பாது. பாடல் தொடங்கும் முன் கிட்டார் சும்மா முனகும் சில நொடிகளைத் தேர்ந்தெடுத்து ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரம் (அதிர்வெண் வரைபடம்) எடுங்கள், அளவு 65536. 60-ஐவிட மூன்றாம் மடங்கான 180-ஐப் பார்த்தால் துல்லியம் கூடும். அங்கே 183.6 வந்தால் டேப் 2% வேகமாக ஓடுகிறது, அதாவது அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு. சுருதியும் சேர்ந்து மாறும் வேக மாற்றத்தால் அதைச் சரிசெய்யுங்கள். 60-க்கு அருகே இரண்டு கோடுகள் தெரிந்தால் ஒன்று நகலெடுத்த டெக்கினுடையது. கிட்டார் ஓய்ந்த பிறகும் நிற்பது அது. கிட்டாரோடு வந்து போகும் கோட்டைத்தான் நம்ப வேண்டும்.

இரைச்சல் நீக்கம் கூடாது என்பது என் உறுதியான கருத்து. டேப் இரைச்சலும் சிம்பலின் வாலும் ஒரே பகுதியில் இருக்கின்றன. ஒன்றை எடுத்தால் மற்றதும் போகும், மெல்லப் பேசும் இடங்களில் தண்ணீருக்குள் பேசுவதுபோல் குமிழி ஓசை மிஞ்சும். ஃபிளாக் (தரம் இழக்காமல் சுருக்கும்) கோப்பாக மூலத்தை அப்படியே வையுங்கள். உறைத்தாளை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். பிவிசி உறையில் மட்டும் போடாதீர்கள், ஜெராக்ஸ் மை பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு எழுத்து உரிந்து வரும். பாலிப்ரொப்பிலீன் உறை நல்லது.

மூன்றாம்வரிசை:

மிக்க நன்றி. கூட்டில் திருகே இல்லை, ஒட்டியிருக்கிறது. உடைக்க வேண்டுமா?

ஈரக்காற்று:

ஆமா. டேப் இருக்கிற திறந்த பக்கத்துல கை வைக்காதீங்க. அதுக்கு எதிர்ப்பக்க மூலையில, ரெண்டு பாதியும் சேர்ற கோட்டுல மெல்லிய கத்தி முனையை வெச்சு லேசா திருகுங்க, ஒட்டு ஒவ்வொண்ணா விட்டுக்கொடுக்கும். கத்தி ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல உள்ள போகக் கூடாது. பழக ஒரு பழைய சினிமாப் பாட்டு கேசட்டை முதல்ல உடைச்சுப் பாருங்க. சுருளை மாத்தும்போது அது எந்தப் பக்கம் பார்த்து இருந்துச்சோ அப்படியே புதுக் கூட்டுல உட்காரணும், புரண்டா A பக்கம் B ஆயிடும். டேப் நடுவுல முறுக்கிக்கிட்டா பாட்டு பின்னோக்கி, மந்தமா கேட்கும். அப்படிக் கேட்டா உடனே நிறுத்திட்டு கூட்டைத் திறங்க.

நாடாப்பித்தன்:

வேலை முடிந்ததும் ஹெட் திருகை மார்க்கர் குறிக்கே கொண்டுவந்து, ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த கேசட் மந்தமாகக் கேட்கும்.