அரச இலைல கிளி செய்யலாம்னு பாத்தா வீடே நாறுது, யாராச்சும் வழி சொல்லுங்க

தெப்பக்குளத்துக்காரி:
தை பொறந்ததும் எங்க மதினி நரிமேட்டுல புது வீட்டுக்கு பால் காய்ச்சுறாங்க. கடிகாரம், குத்துவிளக்குன்னு குடுத்தா பெட்டியோட பரணுக்குத்தான் போகும், அதான் மீனாட்சி கைல இருக்க கிளி மாதிரி ஒண்ணு அரச இலை நரம்புல செஞ்சு பிரேம் போட்டுக் குடுக்கலாம்னு ஆசை. அரச இலையத் தலைகீழா வச்சுப் பாருங்க, அந்த நீள நுனி அப்புடியே கிளிவால்தான். சதை கழண்டு நரம்பு மட்டும் நிக்கட்டும்னு பத்து இலைய வாளில ஊறப்போட்டு எட்டு நாளாச்சு, எங்க அத்தை எலி செத்துக் கெடக்குன்னு கட்டிலுக்கடில எல்லாம் தேடிட்டாங்க, நான் வாயத் தொறக்கல. பிரஷ் வச்சு தேச்சா நரம்போட சேந்து கிழியுது. வேற நாலு இலைய சும்மா காயவச்சு அட்டைல ஒட்டுனேன், மூணாம் நாளே பூஞ்சை புடிச்சிருச்சு. கண்ணுக்கு வைக்க குன்றிமணி வச்சிருக்கேன், ஊசி எறங்கவே மாட்டேங்குது, அதுக்கும் எதாச்சும் ஐடியா இருந்தா சொல்லுங்க.

சோழவந்தான்காரன்:
எட்டு நாள் எந்த மூலைக்கு, மூணு நாலு வாரம் ஆகும் தங்கச்சி. ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா தண்ணி மாத்துனா நாத்தம் கொறையும். கொழுந்து இலையா எடுத்துருந்தா தூக்கிப் போட்ருங்க, கரைஞ்சுதான் போகும், நல்லா முத்துன இலைதான் தாங்கும். அவசரம்னா சலவைச் சோடா கொஞ்சம் போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல லேசாக் கொதிக்க விடுங்க, ஆனா சமையல் சட்டி வேணாம், அலுமினியம் வேணவே வேணாம், சோடா அத அரிச்சுரும். கைக்கு கிளவுஸ் போட்டுக்கங்க. அப்பறம் முக்கியமான விசயம், இலையக் கைல புடிச்சுக்கிட்டு தேய்க்கவே கூடாது, ஒரு தட்டுல தண்ணி ஊத்தி அதுக்குள்ள இலையப் பரப்பி பழைய டூத்பிரஷ்ஷால தட்டணும், நடு நரம்புல ஆரம்பிச்சு ஓரத்துக்கு வரணும். சதை தானா கழண்டு தண்ணில மெதக்கும். எடுத்து பேப்பருக்கு நடுவுல வச்சு மேல கனமா எதையாச்சும் தூக்கி வச்சிருங்க.

ஒத்தக்கடை மைனி:
அம்மாடி, அந்தக் குன்றிமணில ஓட்டையெல்லாம் போடாத! பிள்ளையாருக்கு முழுசா கண்ணு வைக்கிறோம், அது சரி. உள்ள இருக்குறது அப்ரின்ங்கற கடுமையான விசம். மேல் ஓடு உடைஞ்சாத்தான் ஆபத்து, நீ என்னடான்னா ஊசியோட நிக்கிற. புது வீட்டுல சின்னப் பிள்ளைக வேற இருக்கும். கிளி மூக்குக்கு மஞ்சாடி வை, அதான் ஆனைக்குன்றிமணிம்பாங்கள்ல, முழுச் செவப்பு, மூக்குக்கு எடுப்பா இருக்கும். கண்ணுக்கு ஒரு கடுகு போதும்.

பூஞ்சைக்கு காரணம் ஈரந்தான். வெளில காஞ்ச மாதிரி தெரியும், காம்புப் பக்கம் தொட்டுப் பாரு, சில்லுன்னு இருந்தா இன்னும் காயல. பெவிகாலயும் அப்பாம தொட்டுத் தொட்டு வை, அதுலயும் தண்ணி இருக்குல்ல. என்னையக் கேட்டா அட்டையே வேணாம், தென்னம் பன்னாடையக் கழுவி நல்லா வெயில்ல காயவச்சு இஸ்திரி போட்டு அதுமேல ஒட்டு, சாக்குத்துணி கணக்கா அம்சமா இருக்கும். நான் அதுல தென்னம்பாளைய வெட்டி யானைமலை செஞ்சேன், எங்க வீட்டுக்காரர் பாத்துட்டு படுத்துருக்க எருமையான்னு கேட்டாரு.

சோழவந்தான்காரன்:
மைனி 😂 பன்னாடை வெலையில்லாம கெடைக்கும், ஆனா உதறி எடுங்க, எறும்பு இருக்கும்.

தெப்பக்குளத்துக்காரி:
பதினஞ்சு நாள் கழிச்சு வந்துருக்கேன். சோடா போட்டதுல ஆறு கிழிஞ்சு போச்சு, நாலு தப்பிச்சிருச்சு, வெளிச்சத்துல புடிச்சா கொசுவலை மாதிரி இருக்கு. பேப்ரிக் பெயிண்ட்ல பச்சை அடிச்சேன், மொத இலைல கெட்டியா அடிச்சு நரம்பெல்லாம் அடைஞ்சிருச்சு, அப்பறம் தண்ணி கலந்து அடிச்சேன். எலி கதைய அத்தைட்ட சொல்லிட்டேன், ரெண்டு நாள் பேசல, இப்ப கோயிலுக்குப் போறப்பெல்லாம் மரத்தடில நல்ல இலையாப் பொறுக்கி முந்தானைல முடிஞ்சுட்டு வர்றாங்க. பிரேம்கடைக்காரர் கண்ணாடி இலைல ஒட்டும், அரை இஞ்சு ஆழம் விட்டு பெட்டி மாதிரி போடணும்ங்கறாரு, அது சரிதானா மைனி?

ஒத்தக்கடை மைனி:
சரிதான். கண்ணாடி ஒட்டுனா ஈரம் கோக்கும். மூக்கு வச்சாச்சா, போட்டோ போடு மொதல்ல.