வெர்ஷன் கேட்டால் வரும் அந்த நான்காவது வரி

என் கணினியில் பில்ட் செய்தால் மெனு முழுக்கத் தமிழில் ஒழுங்காக வருகிறது. பில்ட் சர்வரில் உருவான ஜாரை (ஜாவா நிரலின் தொகுப்புக் கோப்பு) திறந்தால் ஒரே கேள்விக்குறி. கோட் ஒன்றுதான், பில்ட் செய்யும் கருவியான மேவனும் அதே பதிப்புதான். ஃபான்ட் கோளாறு என்று நினைத்து ஒரு நாளைத் தொலைத்தேன்.

அப்புறம்தான் கேள்விக்குறிகளை எண்ணிப் பார்த்தேன். 'தமிழ்' இருக்க வேண்டிய இடத்தில் சரியாக 15. யூனிகோடில் அந்தச் சொல்லுக்கு ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூனிகோடைப் பைட்டாக எழுதும் யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட். எழுதும்போது மட்டும் கெட்டிருந்தால் 5 கேள்விக்குறியோடு நின்றிருக்கும். 15 வந்ததால், படிக்கும்போதே பைட் பைட்டாகப் பிய்த்திருக்கிறது என்று புரிந்தது.

சர்வரில் மேவனிடம் வெர்ஷன் கேட்டேன். நான்காவது வரியில், லோகேலுக்குப் (மொழி, வட்டார அமைப்பு) பக்கத்தில், பிளாட்ஃபார்ம் என்கோடிங், அதாவது எழுத்தைப் பைட்டாக்க அந்தக் கணினி இயல்பாக எடுத்துக்கொள்ளும் முறை: ஆன்சி எக்ஸ்3.4-1968. ஏதோ பழைய பிரிண்டரின் மாடல் எண் போலிருக்கிறதே என்று தேடினால், அது ஆங்கில எழுத்து மட்டும் தெரிந்த நம் பழைய ஆஸ்கிதான்! சர்வரில் பில்ட் ஓடும் கன்டெய்னரில் (தனியாகப் பிரித்துவைத்த சூழல்) லோகேல் எதுவும் அமைக்கவில்லை, ஜாவா 11 அதையே பிடித்துக்கொண்டது. மேவனின் அமைப்புக் கோப்பான பாமில் சோர்ஸ் என்கோடிங்கை யூடிஎஃப்-8 என்று எழுதியதும் சரியாகிவிட்டது. 'இந்த பில்ட் கணினிக்குக் கணினி மாறும்' என்று மேவன் ஒவ்வொரு முறையும் எச்சரித்துக்கொண்டுதான் இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

இன்னொரு வெட்கக்கேடு: முதல் நாள் நண்பரிடம் உதவி கேட்டபோது வெர்ஷன் தகவலின் முதல் வரியை மட்டும் வெட்டி அனுப்பியிருந்தேன்.

*

முதல் வரியை மட்டும் அனுப்புகிறவர்களால் அவதிப்படுகிறவன் நான். சின்னதாக ஒரு கட்டளைவரிக் கருவி பராமரிக்கிறேன். 'எழுத்து உடைகிறது' என்று புகார் வந்தால் 'உங்கள் என்கோடிங் என்ன?' என்று திருப்பிக் கேட்பதிலேயே இரண்டு நாள் போய்விடும். அதனால் வெர்ஷன் தகவலிலேயே அதைச் சேர்த்துவிட்டேன்.

ஒரே வரி போதும் என்று முதலில் நினைத்தது தப்பு. ஜாவா 18 முதல், யாரும் மாற்றாதவரை, இயல்பு என்கோடிங் எல்லா இயங்குதளத்திலும் யூடிஎஃப்-8. அதை மட்டும் அச்சிட்டால் எல்லாரும் நலம் என்றே தெரியும், டெர்மினல் வேறு எதிலாவது ஓடிக்கொண்டிருக்கும். இப்போது கோப்புக்கு ஒன்று, திரைக்கு ஒன்று என்று தனித்தனியாகக் காட்டுகிறேன். அந்த வரிகளில் ஆஸ்கி எழுத்து மட்டும்தான். உடைந்த டெர்மினலிலும் படிக்க வேண்டுமே!

*

விண்டோஸ் கன்சோலில் எனக்குக் கேள்விக்குறி வரவில்லை, ஆல்ஃபா வந்தது. ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் ஒரு ஆல்ஃபா, ஒரு இரட்டைக் கோண மேற்கோள், பிறகு ஏதோ ஒன்று. கோட் பேஜ் (கன்சோல் பயன்படுத்தும் எழுத்து அட்டவணை) 437 என்று இருந்தது. யூடிஎஃப்-8க்கான 65001க்கு மாற்றியதும் ஆல்ஃபாக்கள் போய்விட்டன. புள்ளி மட்டும் இன்னும் எழுத்தின் மேல் உட்காராமல் தள்ளியே நிற்கிறது. அதுவும் ஃபான்ட் கோளாறு அல்ல, குறிகளைச் சேர்த்து வரையத் தெரியாத கன்சோலின் கோளாறு.