ஒரு சொல் தேவை, உதவுங்கோ

வணக்கம். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாதர் சங்கத் தலைவிகளின் பயிற்சிக்கு ஜொஹாரி சாளரத்தை, அதாவது ஒருவர் தன்னைக் காண்பதையும் மற்றவர்கள் அவரைக் காண்பதையும் ஒப்பிடும் பயிற்சியைத் தமிழாக்குகிறோம். 1955இல் லுஃப்ட், இங்ஹாம் என்ற உளவியலாளர்கள் இருவரும் உருவாக்கியது, 56 குணச்சொற்கள். தனக்குப் பொருந்தும் ஐந்தாறைத் தலைவி தெரிவுசெய்வார், உறுப்பினர்களும் அவருக்கெனத் தெரிவுசெய்வார்கள். அவர்கள் குறித்து, தலைவி குறிக்காமல் விட்டவைதான் அவர் தன்னில் காணாத பக்கம். பயிற்சியின் உயிரே அதுதான்.

சின்ன ஊரில் கையெழுத்தே ஆளைக் காட்டிக்கொடுக்கும், பிறகு எல்லாரும் புகழ்ச்சியாகவே எழுதுவினம். ஆகவே அச்சடித்த தாள், பெயரில்லை, புள்ளடி மட்டும். தாள்களைக் கலந்த பிறகே எண்ணுவது.

அந்தக் குணச்சொற்களில் ஒன்றில்தான் சிக்கல்: தன் கருத்தைத் தயங்காமல், ஆனால் மரியாதையோடு சொல்லும் பெண்ணுக்கு வன்னிப் பேச்சில் என்ன சொல்? 'வாய்க்காரி' வசவாகிவிடும், 'துணிச்சல்காரி' வேறு குணம். வவுனியா, மன்னார்ப் பக்கத்தாரும் சொல்லுங்கோ.