செஃப் கத்தி: கைப்பிடிப் பக்கம் மட்டும் வெட்ட மாட்டேன் என்கிறது

கேட்டரிங் படிக்கிறேன். படிப்பு தொடங்கியபோது கிட்டில் வந்த 8 அங்குல செஃப் கத்திதான் தகராறு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ராக்வெல் கடினத்தன்மை 56; கைப்பிடியை ஒட்டிய தடித்த போல்ஸ்டர் (அலகும் கைப்பிடியும் சேரும் இடத்து உலோகக் கட்டி) வெட்டும் விளிம்பு வரை இறங்கும் வகை.

நுனியும் நடுப்பகுதியும் தக்காளித் தோலில் வழுக்காமல் இறங்குகின்றன. கைப்பிடிப் பக்கம் வெள்ளரிக்காயை நறுக்கினால் துண்டுகள் அடியில் ஒட்டிக்கொண்டு சரம் மாதிரி தொங்குகின்றன. கத்தியைப் பலகையில் நிறுத்தி வெளிச்சத்தில் பார்த்தேன். போல்ஸ்டருக்கு முன்னால் மெல்லிய இடைவெளி. சில மாதங்களாகத் தீட்டத் தீட்ட அது கூடிக்கொண்டே போகிறது.

1000, அப்புறம் 3000 கிரிட் (சொரசொரப்பு எண்; கூடினால் கல் நைசு) சாணைக்கல்லில் தீட்டிப் பார்த்தாயிற்று. விளிம்பில் மார்க்கர் பூசித் தேய்த்தால் போல்ஸ்டர் கல்லில் இடிக்கிறது, அதை ஒட்டிய அரை அங்குலத்தில் மை அப்படியே நிற்கிறது. ஹோனிங் ராடும் (விளிம்பை நேராக்கும் கம்பி) உதவவில்லை. பலகையை மாற்றினாலும் அதே கதை. புதுசு வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். நல்ல அலகைத் தூக்கிப் போட மனமில்லை. அடுத்த மாதம் செய்முறைத் தேர்வு வேறு.

போல்ஸ்டரை 220 கிரிட் கல்லில் நானே தேய்த்து இறக்கிவிடலாமா, இல்லை சாணை பிடிப்பவரிடம்தான் கொடுக்க வேண்டுமா?