படுக்கையறை ஃபெங் சுயி: தலைமாடு மேற்கா, தெற்கா?

பொங்கோல்வாசி:
வணக்கம். சிங்கப்பூர் பொங்கோலில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) நாலறை வீடு. பெரிய படுக்கையறை கிழமேல் 3 மீட்டர், தென்வடல் 3.4 மீட்டர். மேற்கில் சன்னல். அறைக்கதவு கிழக்குச் சுவரின் வடகோடியில். வடசுவரின் கிழக்கோரம் கழிவறைக் கதவு, மீதிச் சுவரில் 60 செ.மீ. ஆழ அலமாரி, அதன் நகர்த்தும் கதவுகள் முழுக்கக் கண்ணாடி. இப்போது குவீன் கட்டில் சன்னலை ஒட்டி, தலை மேற்கே, கால் கதவைப் பார்த்து. தெற்குச் சுவர் காலி, ஆனால் மேலே 20 செ.மீ. உத்தரம் துருத்திக்கொண்டிருக்கிறது. நான் பிறந்தது மார்ச் 1988, குவா எண் (பிறந்த ஆண்டை வைத்து நல்ல திசை காட்டும் எண்) 3. மனைவி 20 ஜனவரி 1990, எண் 8. ஒருவருக்கு நல்ல திசை மற்றவருக்கு ஆகாது என்று வருகிறது. எப்படிப் போடுவது?

லுவோபான்:
முதலில் மனைவியின் எண்ணைத் திருத்துங்கள். இந்தக் கணக்கில் ஆண்டு பிறப்பது பிப்ரவரி 4 வாக்கில் வரும் லி சுன் (சீன வசந்தத் தொடக்க) நாளில். ஜனவரியில் பிறந்தவருக்கு முந்தைய ஆண்டைத்தான் எடுக்க வேண்டும். ஆக 1989; கடைசி இரண்டு இலக்கங்களைக் கூட்டினால் 8+9=17, 1+7=8. பெண்ணுக்கு 5 கூட்டினால் 13, அதாவது 4. உங்களுக்கு 8+8=16, 7; ஆணுக்கு 10-இல் கழித்தால் 3, அது சரி. (2000 முதல் பிறந்தவர்களுக்கு ஆணுக்கு 9-இல் கழிக்க வேண்டும், பெண்ணுக்கு 6 கூட்ட வேண்டும்.)

3, 4 இரண்டுமே கிழக்குக் குழு, அதாவது நல்ல திசைகள் இருவருக்கும் ஒன்றே. இனி மோதலே இல்லை. தலை தெற்கே வைத்தால் உங்களுக்கு அது ஷெங் சி, அவருக்குத் தியென் யி. முதல் தரமும், உடல்நலத்துக்கு உகந்ததும். இப்போது இருக்கும் மேற்கு உங்களுக்கு ஜுவே மிங், எட்டுத் திசைப் பலன்களில் மோசமானது. அவருக்கு லியு ஷா, அதுவும் நல்லதல்ல. 'உத்தமம் கிழக்கு, ஓங்குயிர் தெற்கு' என்ற நம் வழக்கோடும் தெற்கு ஒத்துப்போகிறது.

திசை என்பது உச்சந்தலை நோக்கும் பக்கம், கண் பார்க்கும் பக்கம் அல்ல. கைப்பேசித் திசைகாட்டியைக் கட்டில்மேல் வைத்துப் பார்க்காதீர்கள். மெத்தை ஸ்பிரிங்கும் சன்னல் கம்பியும் முள்ளை இழுக்கும். அறை நடுவில், இடுப்பு உயரத்தில், மூன்று நான்கு இடங்களில் பாருங்கள். தெற்கு என்றால் 157.5 முதல் 202.5 பாகை வரை. எல்லையை ஒட்டி வந்தால் எண்ணை நம்பாமல் மறுபடி அளக்கவும்.

உள்ளலங்காரம்:
திசைக்கு முன் வடிவம். எண் எவ்வளவு நன்றாக வந்தாலும், கால் கதவை நோக்கியிருந்தால் அந்த இடம் ஆகாது. சீனர்கள் அதைப் பிணம் கிடத்தும் நிலை என்பார்கள். நாமும் கால் முன்னாகத்தானே எடுத்துச் செல்கிறோம். தலைக்குப் பின் சன்னல் இருந்தால் பிடிமானம் இல்லை, இங்கே மாலை வெயிலும் மெத்தையில் விழும். தெற்குச் சுவர்தான் சரி.

உத்தரத்துக்கு வழி: அதே 20 செ.மீ. ஆழத்தில், 110 செ.மீ. உயரத்தில், சுவர் நீளத்துக்கு ஒரு தலைமாட்டுப் பெட்டி அடியுங்கள். தலை உத்தரத்துக்கு வெளியே வந்துவிடும். கட்டிலுக்குத் தனி ஹெட்போர்டு வேண்டாம். கணக்கு: பெட்டி 20, கட்டில் 195, அலமாரி 60; நடக்க 65 செ.மீ. மிஞ்சும். ஹெட்போர்டும் சேர்ந்தால் 55-க்கு இறங்கிவிடும், இழுப்பறையைத் திறந்துகொண்டு நிற்க முடியாது. ஃபால்ஸ் சீலிங் போட்டு உத்தரத்தை மறைக்கலாம் என்று கடைக்காரர் சொல்வார். வீவக விதிப்படி தரையிலிருந்து 2.4 மீட்டர் இருந்தாக வேண்டும். உத்தரத்தின் அடிமட்டத்துக்கு இறக்கினால் பெரும்பாலும் அதற்குக் கீழே போய்விடும்.

கட்டிலை நட்டநடுவில் வைக்காமல் மேற்கே 15 செ.மீ. நகர்த்துங்கள். கிழக்கில் 85, மேற்கில் 55 செ.மீ. கிடைக்கும். அறைக்கதவு குறுக்காகக் கண்ணில் படும், கழிவறைக் கதவின் நேர்க்கோடும் தவறிவிடும்.

பொங்கோல்வாசி:
மிக்க நன்றி. அப்படியானால் அலமாரிக் கண்ணாடி நேரே காலுக்கு எதிரே வருகிறதே?

உள்ளலங்காரம்:
ஆமாம், அதை விடக்கூடாது. நள்ளிரவில் எழும்போது எதிரே ஓர் உருவம் அசைவது தூக்கத்தைக் கெடுக்கும். கதவை மாற்ற வேண்டாம், ஒளிபுகாப் படலம் ஒட்டினால் போதும். கண்ணாடியைச் சோப்புநீரால் நனைத்து, மேலிருந்து கீழாக ரப்பர் துடைப்பானால் தண்ணீரை வெளியே தள்ளவும். ஓரத்தில் 2 மி.மீ. விட்டு வெட்டுங்கள், விளிம்புவரை ஒட்டினால் கதவு நகரும்போது உரசி உரிந்துவிடும்.

லுவோபான்:
நிறத்துக்கு மண் சாயல்: வெளிர் மணல், பழுப்பு, மங்கிய ரோஜா. சிவப்பு ஒரு மெத்தைத் திண்டோடு நிற்கட்டும். கடல், அருவிப் படங்களும் மீன்தொட்டியும் படுக்கையறைக்கு ஆகாது. இருபுறமும் ஒரே உயரத்தில் இரண்டு விளக்குகள். ஒரு பக்கம் மட்டும் விளக்கு, ஒரு பக்கம் மட்டும் வழி என்பது தம்பதியர் அறைக்குக் குறை.

சேமிப்புக் கட்டில் என்றால் உள்ளே படுக்கை விரிப்பும் தலையணையும் மட்டும். பழைய கோப்பு, காலணி வேண்டாம். மெத்தைக்கு அடியில் சி (உயிராற்றல்) தேங்கும் என்பது மரபு. இந்த ஊர் ஈரத்தில் அடைத்து வைத்தால் பூஞ்சை பிடிப்பதும் நிச்சயம்.

படிகம், தவளை, காசுமாலை எதுவும் வாங்க வேண்டாம். இணையத்தில் 'அறையின் வலது மூலை உறவுக்கு' என்று வருவது லின் யுன் என்ற ஃபெங் சுயி ஆசான் அமெரிக்காவில் பரப்பிய முறை. அதில் திசைகாட்டியே கிடையாது, வாசலை வைத்து மூலை பிரிப்பார்கள். அதையும் குவா கணக்கையும் கலந்தால் ஒரே மூலைக்கு இரண்டு பதில் வரும்.