ஈயம் பட்ட வெள்ளியில் பொடி வைத்து ஊதினேன்

குழித்துறை:
மகளின் கொலுசில் கொக்கி விட்டுப்போனது. பக்கத்தில் டிவி, ரேடியோ பார்க்கும் கடையில் கொடுத்தேன், சால்டரிங் அயனை வைத்து ஐந்து நிமிடத்தில் ஒட்டித் தந்தார்கள். மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. சரி, வீட்டில் சின்னச் சின்னப் பித்தளை வேலை செய்கிறவன்தானே, நாமே செய்வோம் என்று வெங்காரம் (போராக்ஸ்) தடவி, வெள்ளிப் பற்றாசு, அதாவது உருகி ஓடி இணைப்பை ஒட்டும் உலோகத் துண்டு வைத்து, கேஸ் டார்ச்சைப் பிடித்தேன். வெள்ளி சரியாகச் சிவக்கவில்லை, அதற்குள் பழைய ஒட்டு இருந்த இடத்திலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு கறை படர்ந்து, கண்ணெதிரே குழி விழுந்து, இரண்டு வளையம் துருப்பிடித்த தகரம் மாதிரி அரித்துப்போய்விட்டது.

வடசேரியில் கோயில் நகை செய்யும் ஒரு பெரியவரிடம் எடுத்துப்போனேன். பார்த்ததுமே, "மக்கா, ஈயம் பட்ட வெள்ளியில தீயக் காட்டலாமா? அது வெள்ளியத் தின்னுரும்லா" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு டிவி கடைக்காரர் வைத்த ஈய ஒட்டுக்கும் நான் வைத்த வெள்ளிப் பற்றாசுக்கும் உள்ள வித்தியாசம் உறைத்தது. சால்டரிங் அயனில் உருக்கி ஒட்டக் கடையில் விற்கும் 60/40 கம்பி வெள்ளீயமும் காரீயமும் கலந்தது, 183 டிகிரியில் இளகத் தொடங்கி 190க்குள் ஓடிவிடும். வெள்ளிப் பற்றாசு என்பது வெள்ளி, செம்பு, துத்தநாகக் கலவை, ஏறத்தாழ 700 டிகிரி வேண்டும். சுத்த வெள்ளியே 962இல் உருகிவிடும், கொலுசு வெள்ளி அதற்கும் முன்னால். அந்த நடு இடைவெளிக்குள்தான் நம் வேலை முடிய வேண்டும். அதனால் பற்றாசின் மேல் தீயைக் காட்டக் கூடாது, நகை முழுக்கச் சூடேற வேண்டும், சூடு இருக்கும் பக்கம்தான் பற்றாசு ஓடும். வெங்காரம் முதலில் பொரி மாதிரி பொங்கும், அப்புறம் படிந்து கண்ணாடியாய் மினுங்கும், அதன் பிறகு பற்றாசு ஒரு நொடியில் சட்டென்று வெள்ளிக்கோடாக இணைப்புக்குள் ஓடுவதைப் பார்க்கலாம். பொங்கும்போதே துண்டை வைத்தால் நகர்ந்துபோகும். இணைப்பில் இடைவெளி இருந்தாலும் வேலைக்காகாது, அதை நிரப்பும் குணம் பற்றாசுக்கு இல்லை.

செங்கோட்டை:
ஈயச்சொம்பில் ரசம் வைக்கிற வீடு எங்களுடையது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் பேசப் போனால் என்ன ஆகும் என்று பாட்டியைக் கேட்டால் போதும், வெள்ளீயம் 232இல் உருகும் என்று தனியாகப் படிக்க வேண்டாம். எங்கள் குத்துவிளக்கின் மூக்கைக்கூட யாரோ ஈயத்தால் ஒட்டியிருந்தார்கள், கார்த்திகையன்று திரிச்சூட்டில் இளகி, எண்ணெயோடு மூக்கு சாய்ந்துவிட்டது. தீ படுகிற இடத்துக்கு ஈயப்பற்று வேண்டவே வேண்டாம் அண்ணா. ஆனால் தகரப் பெட்டி, ஒயர் முனை, அலங்காரப் பொருள் என்றால் அதுவே போதும், டார்ச் எடுத்து வேலையைக் கெடுக்க வேண்டியதில்லை.

பாறசாலை:
காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த பழைய பற்றாசு கையில் இருந்தால் தொடவே தொடாதீர்கள். காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். என் சித்தப்பா மூடிய அறையில் அந்தப் பற்றாசை வைத்து ஊதிவிட்டு, மாலை வரை நன்றாக இருந்து, ராத்திரி மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போனார். உடனே ஒன்றும் தெரியாது, அதுதான் பயம். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம், வாங்கும்போதே காட்மியம் இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள்.

குழித்துறை:
பழைய ஒட்டு எது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்கு, அந்தப் பெரியவர் காட்டித்தந்தது: கத்தி முனையால் கீறிப் பாருங்கள். ஈயம் என்றால் வெண்ணெய் போல வழிந்து சுருளும், நிறம் மங்கிய சாம்பல். வெள்ளிப் பற்றாசில் கத்தி வழுக்கும். ஈயமாக இருந்தால் துளி மிச்சமில்லாமல் அரத்தால் ராவி எடுத்த பிறகுதான் டார்ச். அவர் அதைக்கூட நம்பவில்லை, இரண்டு வளையத்தையும் வெட்டிப்போட்டுப் புதிதாகக் கம்பி வளைத்துப் போட்டார். ஒட்டு எங்கே என்று இப்போது மகளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.