3.6-ஆ, 4.4-ஆ? இதயம் தள்ளும் ரத்தத்துக்கு எந்தக் கணக்கை நம்புவது?

வலது ஏட்ரியம்:
ஒரே நோயாளி, அரை மணி நேர இடைவெளி. எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்ட்) நிமிடத்துக்கு 3.6 லிட்டர், நுரையீரல் தமனியில் போட்ட கதீட்டரில் (மெல்லிய குழாய்) 4.4. இனி எக்கோ எண்ணை நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. 1970-ல் ஸ்வானும் கான்ஸும் பலூன் கதீட்டரைக் கொண்டுவந்த நாளிலிருந்து மற்ற கருவிகளையெல்லாம் அதோடுதானே ஒப்பிடுகிறார்கள்?

எக்கோக்காரன்:
சார், இடது வென்ட்ரிக்கிளிலிருந்து (இதயத்தின் இடது கீழறை) ரத்தம் வெளியேறும் வாசலின் விட்டம் எவ்வளவு எடுத்தார்கள்?

வலது ஏட்ரியம்:
1.8 செ.மீ. ஒரு துடிப்பில் ரத்தம் நகர்ந்த தூரம் 20 செ.மீ., துடிப்பு 70.

எக்கோக்காரன்:
கோளாறு அந்த 1.8-ல்தான் இருக்கும். அந்த விட்டத்துக்குப் பரப்பு 2.54, துடிப்புக்கு 51 மி.லி., மொத்தம் 3.6. அதையே 2.0 என்று வைத்துப் பாருங்கள்: பரப்பு 3.14, துடிப்புக்கு 63 மி.லி., உங்கள் 4.4 வந்துவிட்டது. விட்டத்தை வர்க்கப்படுத்துகிறோம், அதனால் திரையில் அளவு குறிக்கிற கர்சர் 2 மில்லிமீட்டர் தள்ளி நின்றாலே இந்தக் கதி.

வலது ஏட்ரியம்:
எனக்காக நீங்களே வாதாடுகிறீர்களே! 2 மில்லிமீட்டரில் முக்கால் லிட்டருக்கு மேல் தொலைக்கிற முறையை வைத்து நான் மருந்து ஏற்றணுமா?

எக்கோக்காரன்:
காலையும் மாலையும் ஒப்பிடத்தானே வேண்டும்? விட்டம் மாறாது. அந்தத் தூரத்தை மட்டும் பாருங்கள், 20 என்பது 24 ஆனால் ஓட்டம் கூடியிருக்கிறது. கால்களைத் தூக்கிப் பிடித்தால் அங்குள்ள ரத்தம் இதயத்துக்கு வரும், ஓட்டம் கூடுகிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், ஊசியே வேண்டாம்.

இரவுப்பணி:
கதீட்டரில் குளிர் சலைன் போடுகிறவள் நான். ரத்தம் எவ்வளவு குளிர்கிறது என்ற வளைகோட்டைப் பார்த்துத்தான் கருவி ஓட்டத்தைக் கணக்கிடும். கருவியில் 10 மி.லி. என்று பதிந்திருக்கும், சிரிஞ்சில் குமிழி நின்று 9 தான் உள்ளே போனால் வளைகோடு சின்னதாகிவிடும், கருவியோ ஓட்டம் அதிகம் என்று காட்டும். ஒருமுறை 5.1, 4.2, 4.1 என்று வந்தது. முதலாவதைத் தூக்கிப் போட்டோம். மூச்சின் எந்தக் கட்டத்தில் அழுத்துகிறோம் என்பதற்கும் எண் ஆடும். உங்கள் தங்கத் தராசில் பாதி என் கட்டைவிரல் சார்.

ஃபிக் பக்தன்:
இரண்டையும் விடுங்கள். 1870-ல் உடலியங்கியல் அறிஞர் ஃபிக் சொன்னதுதான் அடிப்படை. நிமிடத்துக்கு உடல் எடுக்கும் ஆக்சிஜன் 250 மி.லி., தமனி ரத்தத்தில் லிட்டருக்கு 200, உடலெங்குமிருந்து திரும்பிக் கலந்த சிரை ரத்தத்தில் 150. வித்தியாசம் 50, 250-ஐ அதால் வகுத்தால் 5 லிட்டர். இதில் கர்சர் எங்கே, கட்டைவிரல் எங்கே?

இரவுப்பணி:
அந்த 250-ஐ அளந்தீர்களா, இல்லை உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு 125 என்று பெருக்கிக்கொண்டீர்களா? காய்ச்சலில் கிடப்பவருக்கு அது செல்லாது. கலந்த சிரை ரத்தத்தை எடுக்கவும் என் கதீட்டரிடம்தான் வரணும்.

ஃபிக் பக்தன்:
அந்த 250-ஐ நிஜமாகவே அளக்கிற மருத்துவமனைகளைச் சொன்னேன்.

எக்கோக்காரன்:
இன்னொன்று. 3.6-க்கும் 4.4-க்கும் சராசரி 4, வித்தியாசம் 0.8, அதாவது 20%. இரண்டு முறைகளின் எண்கள் எவ்வளவு விலகலாம் என்று 1999-ல் கிரிச்லி என்ற பெயருடைய ஆய்வாளர்கள் இருவர் வைத்த வரம்பு 30%. தெர்மோடைலூஷனிலேயே (அந்தக் குளிர் சலைன் முறை) 20% வரை பிழை இருக்கும் என்று வைத்துத்தான் அந்த 30-ஐக் கணக்கிட்டார்கள். சார் சண்டைக்கு இழுத்த இரண்டு எண்களும் வரம்புக்குள்தான் நிற்கின்றன.

வலது ஏட்ரியம்:
ஒரு ஜோடி எண்ணுக்கு அந்த வரம்பு பொருந்தாது. நூற்றுக்கணக்கான ஜோடிகளை வைத்துப் பார்க்கிற விஷயம் அது.

எக்கோக்காரன்:
சரி, ஒரு ஜோடியை வைத்து எக்கோவைக் குப்பையில் போடலாமா? அதைவிட, டிரைகஸ்பிட் வால்வில் (இதயத்தின் வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ளது) கசிவு இருந்ததா?

வலது ஏட்ரியம்:
மிதமாக என்று எழுதியிருந்தது. எக்கோவில்.

எக்கோக்காரன்:
அப்படியானால் குளிர் சலைன் முன்னும் பின்னும் அலைந்திருக்கும், உங்கள் 4.4-ம் சந்தேகம்தான்.

ஃபிக் பக்தன்:
எம்ஆர்ஐ எடுத்துவிடுங்கள், வழக்கு தீரும்.

இரவுப்பணி:
வென்டிலேட்டரில் இருப்பவரையா? தள்ளிக்கொண்டு போவது நான்தானே சார், நீங்கள் இல்லையே.